ஒப்பந்தச் செய்தியா? கொப்பியின் வலது பக்கத்தை நிரப்புங்கள்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனில், உயர்தரப் பிள்ளைகளுக்கு அரசியல் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். அரசாங்கம் எந்த நாட்டோடு கையெழுத்துப் போட்டாலும், "சேர், இனி நாம எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். கொப்பியை விரிக்கச் சொல்வேன். இடது பக்கத்தில் யார், யாரோடு, எப்போது. இரண்டு வரி போதும். வலது பக்கத்துக்குத்தான் நேரம் வேண்டும்: அப்போது அரிசி என்ன விலை, அடுத்த தேர்தல் எப்போது, ஆளுங்கூட்டணிக்குள் யார் முறுக்கிக்கொண்டு நின்றது.

1952ஐ வைத்துப் பழகுங்கள். இடது பக்கம், சீனாவோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம். பிரதமர் டட்லி சேனாநாயக்கவின் கட்சிக்குக் கம்யூனிசம் என்றாலே ஆகாது. பீக்கிங்கோடு தூதரக உறவுகூட 1957இல்தான் வந்தது. அப்புறம் எப்படி? வலது பக்கம் பாருங்கள். இறப்பர் விலை சரிகிறது, வெளியில் அரிசி கிடைப்பது பெரும்பாடு, வீட்டுக்கு வீடு பங்கீட்டு அரிசிக்கான கூப்பன் அட்டை. வருஷத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்தால் 270,000 தொன் அரிசி வரும். அமெரிக்கா கோபித்தால் கோபிக்கட்டும் என்று போட்டார்கள். அரிசி விஷயத்தில் சனம் கொதித்துவிடும் என்ற பயம் வீண்பயமில்லை: 1953இல் கூப்பன் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது, ஓகஸ்டில் ஹர்த்தால், ஒக்டோபரில் டட்லி வீட்டுக்குப் போனார்.

மறுதரப்பு நாட்டுக்கும் ஒரு வலது பக்கம் உண்டு. பிள்ளைகள் புள்ளி இழப்பது இங்கேதான். 2013 மார்ச்சில் ஈழத்தமிழர் விடயத்தில் தி.மு.க. டெல்லிக் கூட்டணியை விட்டு விலகியது. நவம்பரில் கொழும்புப் பொதுநலவாய மாநாட்டுக்கு மன்மோகன் சிங் வரவில்லை. இது ஒன்றுதான் காரணம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

சரி, இனி நம்முடைய கணக்கு, அதாவது இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர் கணக்கு. 1964 ஒக்டோபர் 30, இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். வலது பக்கத்தில் சாஸ்திரிக்கு நேரே, 1962இல் சீனாவிடம் அடிவாங்கிய நாட்டுக்கு அயலவரின் நட்பு தேவை என்று எழுதுங்கள். சிறிமாவுக்கு நேரே சிங்கள வாக்கு. தோட்டத்துக்கு நேரே? 1948இலும் 1949இலும் வந்த சட்டங்களால் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை. எங்கள் அம்மாயியின் அண்ணன் ஒரு தகரப் பெட்டியோடு தலைமன்னாரில் கப்பலேறினார்; லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாரும் அவரிடம் விருப்பம் கேட்டதாக அம்மாயி சொன்னதில்லை. அந்த வரியை வெறுமையாக விட்டு, சிவப்புப் பேனையால் வட்டம் போடுங்கள். கட்டுரையை அங்கிருந்து தொடங்குங்கள்.