உறுப்பு மாற்றியவருக்கு ஃபிட்ஸ் வந்தால் செய்ய வேண்டியதும் சொல்ல வேண்டியதும்

வலிப்பு வரும் அந்த நிமிடத்தில், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கும் மற்றவர்களுக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான். அதற்கு அடுத்து வரும் நாட்கள்தான் வேறு மாதிரி. என் தம்பிக்குச் சிறுநீரகம் மாற்றி நாலாவது மாதம் வலிப்பு வந்தபோது முதல் பாதி எங்களுக்கு ஓரளவு தெரிந்திருந்தது, இரண்டாவது பாதி சுத்தமாகத் தெரியாது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கீழே படுக்க வைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுங்கள். கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், நினைவு முழுசாகத் திரும்பும்வரை தண்ணீரும் மாத்திரையும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், ஏனென்றால் பதற்றத்தில் அரை நிமிடமே பத்து நிமிடம் மாதிரித் தெரியும். 5 நிமிடம் தாண்டியும் வெட்டு நிற்கவில்லை என்றால், அல்லது நினைவு திரும்பாமலே மறுபடி வந்தால், அது உயிருக்கு ஆபத்தான நிலை. ஆனால் உறுப்பு மாற்றியவருக்கு முதல் முறை வலிப்பு என்றால் 5 நிமிடம் காத்திருக்காதீர்கள், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், தானாக நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூட இன்னொருவர் இருந்தால் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், வலிப்பு எந்தப் பக்கம் தொடங்கியது என்பது மூளை நரம்பியல் மருத்துவருக்குப் பெரிய தகவல்.

சரி, ஏன் வருகிறது? புது உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டுமே ரத்தத்தில் அளவு கூடினால் மூளையைப் பாதிக்கும், சிலருக்கு அளவு சரியாக இருக்கும்போதே பாதிக்கும். கை நடுக்கம் அதிகமாவது, தலைவலி, பார்வை மங்குவது, பேச்சில் குழப்பம், கூடவே ரத்த அழுத்தம் எகிறுவது, இவையெல்லாம் வலிப்புக்கு முன்னாலேயே தெரியலாம். மூளையின் பின்பகுதியில் வீக்கம் வரும் இந்த நிலை எம்ஆர்ஐ ஸ்கேனில் தெரியும், சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதே மருந்துகள் மக்னீசியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடும், மக்னீசியம் குறைந்தாலும் வலிப்பு வரும். சோடியம், சர்க்கரை, கால்சியம் இவற்றையும் அன்றே பார்த்துவிடுவார்கள். தொற்றை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருப்பதால் மூளையில் தொற்று இருந்தும் காய்ச்சல் லேசாகவோ இல்லாமலோ இருக்கலாம், அதனால் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் பயந்து மறுக்காதீர்கள்.

எங்களுக்குத் தெரியாமல் போன பகுதி இதற்கு அப்புறம்தான். அவசரப் பிரிவில் ஃபெனிட்டோயின் ஊசி போட்டு வலிப்பை நிறுத்தினார்கள், அதில் தப்பே இல்லை, உயிர்தான் முதலில். ஆனால் அதையே மாத்திரையாக எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள், உறுப்பு மாற்றுக் குழுவிடம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஃபெனிட்டோயின், கார்பமாசெபைன், ஃபீனோபார்பிட்டோன் ஆகிய மூன்று வலிப்பு மருந்துகளும் கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகளை முடுக்கிவிடும், அதனால் டாக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் வேகமாகச் சிதைந்து ரத்தத்தில் அளவு விழுந்துவிடும். ஒரே நாளில் விழாது, ஒன்றிரண்டு வாரத்தில் மெல்ல மெல்ல விழும், வெளியே ஒன்றுமே தெரியாது. தம்பிக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அகப்பட்டது, இல்லையென்றால் சிறுநீரகமே போயிருக்கும். இந்த வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் எதிர்த்திசையில் நடக்கும், டாக்ரோலிமஸ் அளவு ஏறும். ஆக தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் அடிக்கடி அளவு பார்க்க வேண்டும்.

அதனால் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "இந்த வலிப்பு மருந்து டாக்ரோலிமஸ் அளவைக் குறைக்குமா?" பலருக்கு லெவெடிரசெட்டத்தைத்தான் முதலில் கொடுக்கிறார்கள், ஏனென்றால் அது இந்த மருந்துகளோடு மோதுவதில்லை. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பார்த்து அதன் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், சிலருக்குக் கோபமும் மனச்சோர்வும் வரும், அப்படி மாறினால் சொல்லுங்கள். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து கல்லீரலைப் பாதிக்கக்கூடியது, கல்லீரல் மாற்றியவர்களுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். லாக்கோசமைடு என்ற இன்னொரு வலிப்பு மருந்து கொடுத்தால் இதயத் துடிப்பில் பிரச்சினை உண்டா என்று ஈசிஜி பார்ப்பார்கள்.

வலிப்பு வந்துவிட்டதே என்று டாக்ரோலிமஸை நீங்களாக நிறுத்தவே கூடாது. குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை உறுப்பு மாற்றுக் குழுதான் முடிவு செய்ய வேண்டும். மயக்கத்தில் ஒரு வேளை மாத்திரை தவறிவிட்டாலும் அவர்களிடம் கேட்டுவிட்டே அடுத்ததைக் கொடுங்கள். பூஞ்சைத் தொற்றுக்கான ஃபுளூகோனசோல், வோரிகோனசோல், ஆன்டிபயாட்டிக்கில் கிளாரித்ரோமைசின் ஆகியவை டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். நாலு நாள் வயிற்றுப்போக்கு போனால்கூட ஏறலாம். வலிப்புக்கு முந்தைய வாரங்களில் இப்படி ஏதாவது நடந்ததா என்று யோசித்துச் சொல்லுங்கள், காரணம் அங்கேயே கிடைக்கலாம்.

காரணம் கிடைத்து அது சரியாகிவிட்டால் பலருக்கு வலிப்பு மாத்திரை வாழ்நாள் முழுக்கத் தேவைப்படாது, ஆனால் எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர் சொல்லட்டும். அதுவரை வண்டி ஓட்டுவது, தனியாக நீந்துவது, உயரத்தில் ஏறுவது வேண்டாம், குளியலறைக் கதவை உள்ளே தாழிடவும் வேண்டாம்.

இன்றைக்கே ஒரு தாளில் எழுதி நோயாளியின் பர்ஸில் வையுங்கள்: எந்த உறுப்பு, மாற்றிய தேதி, எல்லா மருந்தும் அளவும் வேளையும், கடைசியாகப் பரிசோதித்த டாக்ரோலிமஸ் ரத்த அளவு, உறுப்பு மாற்றுக் குழுவின் அவசரத் தொலைபேசி எண். கடைசியாக மாத்திரை போட்ட நேரத்தையும் மறக்காமல் வாயால் சொல்லுங்கள், அது தெரியாமல் எடுத்த ரத்த அளவை வைத்து எந்த முடிவும் சரியாக எடுக்க முடியாது.