வரிக்கோட்டைத் தாண்டவைத்த 9,30,366 டாலர்

என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணியை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டில், 2024-25 விதிகளோடு ஒரு அணியை ஓட்டிக்கொண்டிருந்தேன். அணியின் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் லக்சுரி டாக்ஸ் என்ற கூடுதல் வரி கட்டவேண்டும்; அந்த சீசனில் அந்த வரம்பு 17.08 கோடி டாலர். என் எக்செல் ஷீட்டில் 7 லட்சம் மிச்சம். விளையாட்டோ, 2,30,366 தாண்டிவிட்டாய் என்றது. மூன்று ராத்திரி இதிலேயே போச்சு.

முதலில் போனஸ் மேல் சந்தேகம். கிடைக்காத போனஸ் வரியில் சேராது என்று கழித்தே வைத்திருந்தேன். டூ-வே ஒப்பந்த ஆட்கள் (கீழ்நிலை லீக்கிலும் ஆடுபவர்கள்) கணக்கிலேயே வரமாட்டார்கள். நீக்கிய வீரரின் பாக்கித் தொகையும் சரிதான்.

கடைசியில் இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதிப் பார்த்தேன்: 9,30,366. இரண்டு வருட அனுபவத்துக்கான குறைந்தபட்சச் சம்பளம் 20,87,519, புதுமுகத்துக்கு 11,57,153. கழித்தால் அதே எண்!

டிராஃப்டில், அதாவது அணிகள் புதுமுகங்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், யாரும் எடுக்காத ஒரு பையனைக் குறைந்தபட்சச் சம்பளத்தில் சேர்த்திருந்தேன். கையில் வாங்குவது 11 லட்சம்தான்; வரிக்கணக்கில் மட்டும் அவன் இரண்டு வருட அனுபவசாலி. நாமே டிராஃப்டில் எடுத்த பையனுக்கு இந்தத் தொல்லை இல்லை. விசித்திரமான விதி, ஆனால் விதி.

அவனை வெறுமனே நீக்கினால் தொகை ஒட்டிக்கொண்டே இருக்கும். அதனால் அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேட் கெடுவுக்கு முன்பே, டிராஃப்டில் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமையையும் சேர்த்து, இடமுள்ள அணிக்குத் தள்ளிவிட்டேன். அணியில் மீதி 14 பேர் போதும். 18 லட்சம் மிச்சம். ஷீட்டில் இப்போது சம்பளத்துக்கு ஒரு பத்தி, வரிக்குத் தனிப் பத்தி.