ஃபர்னஸ் பற்றுகிறது, உடனே அணைகிறது: கனடா போகும் நம்ம ஏரியா பிள்ளைகளுக்கு

தண்டையார்பேட்டையில் வீட்டைச் சூடாக்க வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. மார்கழியில் 20 டிகிரிக்கு இறங்கினாலே அப்பா மப்ளரைத் தேடுவார். இங்கிருந்து ஜனவரி இன்டேக்கில் டொரொண்டோ போகிற பிள்ளைகள் ஜாக்கெட், பூட்ஸ், ஊறுகாய் என்று எல்லாவற்றையும் பற்றி விசாரிக்கிறார்கள். ஃபர்னஸைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. ஆறு வருஷம் ஸ்கார்பரோவில் இருந்துவிட்டுத் திரும்பியவன் நான். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

மணலி பக்கம் இருக்கிற ஆலை உலையைக் கற்பனை செய்யாதீர்கள். இது பீரோ மாதிரி நிற்கும் ஒரு தகரப் பெட்டி. உள்ளே கேஸ் எரியும். அந்தச் சூட்டில் காற்று காய்ந்து, தரையில் உள்ள கம்பித் திறப்புகள் வழியாக அறைக்கு அறை வரும். புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் பேஸ்மெண்டில்தான் வாடகைக்கு இருப்பார்கள். அதனால் அந்தப் பெட்டி உங்கள் கட்டிலுக்கு அடுத்த சுவரிலேயே உறுமிக்கொண்டிருக்கும்.

என் முதல் குளிர்காலம், போகி ராத்திரி. ஃபர்னஸ் ‘டப்’ என்று பற்றியது, ஐந்து எண்ணுவதற்குள் அணைந்தது. மறுபடி பற்றியது, மறுபடி அணைந்தது. மூன்று தடவைக்குப் பிறகு சத்தமே இல்லை. எனக்கு நினைவு வந்தது பாட்டியின் பம்ப் ஸ்டவ். அணைந்தால் அடைப்பு, அடைப்பென்றால் ஊசி. சரி, குத்திவிடலாம் என்று ஊசியைத் தேடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். மாடியிலிருந்து இறங்கி வந்து, “தம்பி, உதிலை கை வையாதேங்கோ” என்று ஒரு அதட்டல் போட்டார். இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

பம்ப் ஸ்டவ்வுக்கு மூளை கிடையாது, ஃபர்னஸுக்கு உண்டு. சூடு வேண்டும் என்று தெர்மோஸ்டாட், அதாவது அறையின் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் சுவர்க் கருவி, சொன்னதும், முதலில் ஒரு சின்ன மோட்டார் சுற்றி உள்ளே இருக்கும் பழைய காற்றையும் புகையையும் வெளியே தள்ளும். காற்று சரியாக ஓடுகிறதா என்று ஒரு பிரஷர் ஸ்விட்ச் பார்க்கும். அப்புறம் இக்னைட்டர் தணல் மாதிரிச் சிவக்கும், வால்வ் திறந்து கேஸ் பற்றும். அதற்குச் சற்று நேரம் கழித்துத்தான் பெரிய விசிறி ஓடத் தொடங்கும். இந்த வரிசையை ஒருமுறை பக்கத்தில் நின்று காதால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தெரிந்த மாதிரி.

என் வீட்டில் நடந்தது, பற்றிய சில விநாடிகளில் அணைவது. இதற்குப் பெரும்பாலும் காரணம் ஃபிளேம் சென்சார். தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய கம்பி அது. தீ வழியாக மிகமிகச் சிறிய மின்சாரம், மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான், ஓடும். அது கிடைத்தால்தான் ‘தீ இருக்கிறது’ என்று கண்ட்ரோல் போர்டு நம்பும். கம்பியில் படலம் படிந்துவிட்டால் தீ எரிந்தாலும் போர்டுக்குத் தெரியாது. எரியாத கேஸ் வீட்டில் நிரம்பிவிடக் கூடாது என்று வால்வை மூடிவிடும். சில முறை முயன்று பார்த்துவிட்டுத் தானே பூட்டிக்கொள்ளும். வந்த டெக்னீஷியன் ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, கம்பியை மெல்லிய ஸ்டீல் வுல்லால் தேய்த்து மாட்டினார். பத்து நிமிஷ வேலை. அதற்கு வாங்கிய காசை இங்கே சொன்னால் அடிக்க வருவீர்கள்.

ரொம்பப் பழைய ஃபர்னஸ் என்றால் எப்போதும் ஒரு குட்டித் தீ எரிந்துகொண்டிருக்கும். குமிழை அழுத்திப் பிடித்திருக்கும்வரை அது எரிந்து, விட்டதும் அணைந்தால் அந்தத் தீயை உணரும் தெர்மோகப்பிள் போயிருக்கலாம்.

ஐந்தாறு நிமிஷம் நன்றாக எரிந்து, பிறகு தீ மட்டும் அணைந்து விசிறி ஓடிக்கொண்டே இருந்தால் கதை வேறு. அது அளவுக்கு மீறிய சூடு. காற்றிலிருக்கும் தூசியைப் பிடிக்கும் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நம் வீட்டில் தாளிப்பும் பொரியலும் தினமும் உண்டு. என் ஃபில்டரைக் கழற்றியபோது சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி இருந்தது. ஒரு அங்குல ஃபில்டரை ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். அடுத்த குற்றவாளி நாம்தான். காற்று வரும் திறப்பின் மேல் அரிசி மூட்டையை வைப்பது, பாயை விரிப்பது, ஆள் இல்லாத அறையில் லைட்டை அணைக்கிற மாதிரி திறப்பை மூடிவிடுவது. மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு பெட்டிக்கு மூச்சுத் திணற வைக்கிறோம்.

மோட்டார் சுற்றியும் பற்றவே இல்லையென்றால் வெளியே போய்ப் பாருங்கள். புது மாடல்களில் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் சுவர் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பனி கொட்டினால் அவை மூடிக்கொள்ளும். கையால் பனியை விலக்கினால் போதும், கம்பியால் குத்த வேண்டாம். பெட்டியிலிருந்து தண்ணீர் வடியும் குழாய் அடைத்தாலும் இதே கோளாறு வரும்.

மோட்டார்கூட சுற்றவில்லையா? தெர்மோஸ்டாட்டின் பேட்டரி, பிரேக்கர், பெட்டிக்குப் பக்கத்தில் லைட் ஸ்விட்ச் மாதிரியே இருக்கும் பவர் ஸ்விட்ச், இவற்றைப் பாருங்கள். என் அறைத்தோழன் அந்த ஸ்விட்ச்சை லைட் என்று நினைத்து அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறான். பெட்டியின் கதவு சரியாக மூடாவிட்டாலும் ஓடாது. கதவில் உள்ள சின்னக் கண்ணாடி வழியாக ஒரு விளக்கு சிமிட்டுவது தெரிந்தால் எத்தனை முறை என்று எண்ணி எழுதிவையுங்கள். அதன் அர்த்தம் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும்.

உங்கள் வேலை இதோடு முடிந்தது. கேஸ் பக்கம் கை வைக்க ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற டெக்னீஷியன்தான் வேண்டும். வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பிலும் எழுதிவையுங்கள். டொரொண்டோவில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் 21 டிகிரி இருக்கச் செய்வது அவர் கடமை, தயவு இல்லை. ஸ்விட்ச்சைத் திரும்பத் திரும்பப் போட்டு அணைத்துப் பூட்டை ஏமாற்றாதீர்கள்.

ஆள் வரும்வரை குளிருமே என்று அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காயாதீர்கள். கரிச் சட்டி கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கம் என்று ஆரம்பித்து ஆளையே முடித்துவிடும். அதற்கான அலாரம் தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். அது அடித்தால் எல்லோரையும் எழுப்பி வெளியே போய், அங்கத்திய அவசர எண்ணான 911-ஐக் கூப்பிடுங்கள். கேஸ் வாசனை வந்தாலும் அப்படியே. அது நம்ம சிலிண்டர் கசியும்போது வருகிற அதே மாதிரி நாற்றம்தான், மூக்குக்குத் தெரியும். லைட் ஸ்விட்ச்சைத் தொடாமல், போனில் வெளியே போய்ப் பேசுங்கள். ஜாக்கெட்டும் பூட்ஸும் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.