தெருவில் தண்ணீர் நிற்கிறது: மாநகராட்சியும் நாமும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி பிறந்தால் போதும், சென்னையில் எந்தக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் ஒரே கேள்விதான். "போன வருஷம்தானே வடிகால் கட்டினாங்க, இப்பவும் முழங்கால் அளவு தண்ணி நிக்குதே?" நியாயமான கேள்வி. ஆனால் வடிகால் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற நாம், அது எங்கே போய் விழுகிறது என்று பார்ப்பதே இல்லை. கட்டுகிறவர்களும் பல நேரம் பார்ப்பதில்லை.

வேளச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து மழைநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே முட்டுக்காடு முகத்துவாரம் வரை நகர்ந்துதான் கடலைப் பார்க்க வேண்டும். தென்சென்னையைச் சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீரும் அதே சதுப்புக்குத்தான் வருகிறது. ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டேர் பரந்து கிடந்த இடம் அது. 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தபோது கணக்கில் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையோரமாக மெதுவாக ஊர்ந்தபோது, கடல் கொந்தளித்து முகத்துவாரங்களில் தண்ணீரை வாங்கவில்லை. வழி அங்கே அடைபட்டால் தெருவோர வடிகால் எவ்வளவு சுத்தமாக இருந்து என்ன பயன்?

அதனால் வேலையைக் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் முகத்துவாரம், அப்புறம் கால்வாய், பிறகு பெரிய வடிகால், கடைசியில்தான் தெரு. இதைத் தலைகீழாகச் செய்வதுதான் பெரிய தவறு. இப்போது கொசஸ்தலையாறு பகுதியில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனிலும், கோவளம் பகுதியில் ஜெர்மன் வங்கிக் கடனிலும் வடிநிலம் வாரியாக, அதாவது ஒரே வழியாகத் தண்ணீர் வடிகிற பகுதி முழுவதையும் சேர்த்து, வேலை எடுத்திருப்பது நல்ல மாற்றம். ஆனால் களத்தில் ஒரு மின்சாரப் பெட்டியோ, மரமோ, கோர்ட் கேஸோ குறுக்கே வந்தால் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அந்தப் பக்கம் கட்டிக்கொண்டு போகிற பழக்கம் இருக்கிறதே, அது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஒரு கிலோமீட்டர் வடிகாலில் பத்து மீட்டர் பாக்கி என்றால், பில்லில் 99 சதவீதம் முடிந்த வேலை. தண்ணீருக்கு அது இரண்டு நீளமான கொசுத் தொட்டி.

அடுத்தது ரோடு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதிதாகப் போட்டால் ஒவ்வொரு முறையும் சில அங்குலம் ஏறுகிறது. நாலைந்து முறை போட்டதும் வீட்டு வாசல் பள்ளமாகிவிடும், வடிகாலின் நீர் நுழையும் துளை ரோட்டு மட்டத்துக்குப் பொருந்தாமல் போய்விடும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021 மே மாதமே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். எனவே ரோடு போட வருகிற அன்று வாசலில் நின்று "மில்லிங் பண்ணியாச்சா?" (பழைய தாரைச் சுரண்டியாச்சா) என்று கேளுங்கள். போட்டு முடித்த பிறகு கேட்டால் ஒன்றும் நடக்காது. நாம் செய்வதும் கொஞ்சமல்ல: கார் ஏறுவதற்காக வாசலில் சிமெண்ட் சாய்தளம் கட்டி அந்தத் துளையை மூடிவிட்டு, மழை வந்ததும் மாநகராட்சியைத் திட்டுகிறோம்.

இதைவிட மோசமான ஒன்று, மழை பெய்யும்போது பாதாள சாக்கடை மூடியைத் திறந்துவிடுவது. தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்குவதைப் பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குழாய் வீட்டுக் கழிவுநீரின் அளவுக்குப் போட்டது, மழைக்கு அல்ல. நிரம்பியதும் தாழ்வான வீடுகளின் கழிப்பறை வழியாகவே மேலே வரும். முழங்கால் தண்ணீரில் திறந்த மூடி யார் கண்ணுக்கும் தெரியாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கழிவுநீர்க் குழாயைத் திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் சேர்ப்பது இதன் மறுபக்கம். வெயில் காலத்திலேயே வடிகால் பாதி நிறைந்து கிடப்பதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

தூர்வாருவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எடுத்த சேற்றை வடிகால் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனால் முதல் மழையில் திரும்ப உள்ளே போய்விடும். அன்றே லாரியில் ஏற்றவேண்டும், அவ்வளவுதான்.

சரி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தால் தண்ணீரே நிற்காதா? நிற்கும். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு கோடி லிட்டர். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் கொட்டியது 49 சென்டிமீட்டர். அதைத் தாங்குகிற தெரு வடிகாலை யாராலும் கட்ட முடியாது. "இனி ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது" என்று அறிவிப்பதும் தவறு, அதை நம்பி தரைத்தளத்தில் இன்வெர்ட்டரை வைப்பதும் தவறு. எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

புகார் கொடுப்பதிலும் ஆள் மாறிப் போகிறோம். மழைநீர் வடிகால் மாநகராட்சி வேலை, எண் 1913. சாக்கடை பொங்கினால் மெட்ரோ வாட்டர் என்கிற குடிநீர் வாரியம், 1916. ஆறும் பெரிய கால்வாய்களும் நீர்வளத் துறையிடம், சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். "எங்கள் ஏரியா மிதக்கிறது" என்று வீடியோ மட்டும் போட்டால் நாலு துறையும் ஒன்றையொன்று கை காட்டும். மழை விட்டதும் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தைக் கோடு போடுங்கள். எத்தனை மணிக்கு ஏறியது, எப்போது வடிந்தது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று குறித்துவையுங்கள். தெரு வடிகால் கூடவே நடந்து, எங்கே அறுந்து நிற்கிறதோ அந்த இடத்தைப் படமெடுத்து, வார்டு மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்தில் கவுன்சிலர் கையில் கொடுங்கள். தண்ணீர் நிற்கும்போது எடுத்த படத்தைவிட, வெயிலில் அந்த முட்டுச்சந்து தெளிவாகத் தெரிகிற படம்தான் அதிகாரியிடம் எடுபடும்.