நாயின் நகத்தை ஒட்ட வெட்டி இரத்தம் வந்தால்

நாயின் நகத்துக்குள் இரத்தக்குழாயும் நரம்பும் சேர்ந்த சதைப்பகுதி ஒன்று இருப்பதால், கறுப்பு நகத்தில் அதன் எல்லை தெரியாமல் சற்றே ஒட்ட வெட்டிவிட்டாலும் இரத்தம் சொட்டத் தொடங்கி, தரையெங்கும் சிவப்புப் புள்ளிகளாகி நம்மைப் பதறவைத்துவிடும். பார்வைக்கு அதிகமாகத் தோன்றினாலும், ஆரோக்கியமான நாய்க்கு இதனால் பொதுவாக ஆபத்து ஏதுமில்லை. ஆனால் வலி கடுமையாக இருக்கும் என்பதால், அதை அதட்டாமல் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். சுத்தமான துணியால் நகநுனியை ஒற்றியெடுத்து, உள்ளங்கையில் சிறிது சோள மாவைக் (கார்ன்ஃப்ளோர்) குவித்து, நகத்தை அதில் புதைத்து 5 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று இடையில் எடுத்துப் பார்த்தால், உறையத் தொடங்கிய இரத்தம் பெயர்ந்துவிடும். நின்ற பிறகும் சிறிது நேரம் ஓடவோ நக்கவோ விடாதீர்கள். 20 நிமிடங்களுக்கு மேலும் கசிந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.