எம்ஜிபி-யைப் பிரிக்கும் முன்: பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர் முதல் வாரத்தில் பம்பரைக் கழற்றிக் குரோமியம் பூசக் கொடுப்பார், இல்லையென்றால் சீட்டுக்குத் தோல் பார்ப்பார். கண்ணில் படுவதில்தானே முதலில் கை போகும்? ஆனால் இந்த வண்டிகளில் காசு கரைவது அங்கேதான் ஆரம்பிக்கிறது. எம்ஜி கம்பெனியின் எம்ஜிபி-யை வைத்தே சொல்கிறேன். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. உதிரி பாகம் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அதன் 1798 சிசி இன்ஜின் நமக்கு அந்நியமும் இல்லை. அம்பாசடரில் ஓடிய 1489 சிசி இன்ஜினும் அதே பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் குடும்பம்தான். அம்பாசடருக்கு டேப்பெட் (வால்வு இடைவெளி) வைத்துப் பழகிய கை இதன் முன் தயங்காது.

சிக்கல் இன்ஜினில் இல்லை, பாடியில். எம்ஜிபி-க்குத் தனி சேஸிஸ் கிடையாது. திறந்த வண்டியில் கூரையும் இல்லை. அப்படியானால் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிப்பது எது? பெரும்பாலும் கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடும் ‘சில்’ என்ற தகட்டுப் பெட்டி. வெளியே பார்க்க ஒற்றைத் தகடு. உள்ளே வெளித் தகடு, உள் தகடு, இரண்டுக்கும் நடுவே ஒரு தகடு, அடியில் ஒரு பட்டை எனப் பல அடுக்கு உள்ள பெட்டி அது. தண்ணீர் உள்ளே தேங்கி, உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

இதில் நடக்கும் முதல் தவறு, அழுகிய சில்லின் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் அடித்துப் பட்டி பார்த்துவிடுவது. ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதும் புரிகிறது. முன் விங், பின் விங் (சக்கரத்துக்கு மேலே உள்ள பாடித் தகடு) இரண்டின் அடிப்பகுதியும் சில்லின் மேல் படிந்திருக்கும். முறையாகச் செய்ய வேண்டுமென்றால் அவற்றையும் வெட்டியாக வேண்டும், வேலை இரட்டிப்பாகிறது. மேலே போர்த்திய தகடு பார்வைக்கு அழகு. அடியில் துரு தன் வேலையைத் தொடரும். வாங்கப் போகும்போது மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றை சில்லின் கீழ்விளிம்பில் ஓட்டிப் பாருங்கள், பட்டி அடைத்த இடத்தில் ஒட்டாது. அதைவிட நல்ல சோதனை ஜாக்கி. கதவைச் சாத்திவிட்டு, ஜாக்கி வைக்கும் இடத்தில் ஏற்றுங்கள். கதவின் பின்விளிம்பில் உள்ள இடைவெளி மாறினால், அல்லது கதவு திறக்க முரண்டு பிடித்தால், வண்டி நடுவில் வளைகிறது. விலை பேசாமல் கிளம்பிவிடலாம்.

இரண்டாவது தவறு இதைவிட மோசம். ஆர்வக்கோளாறில் இரண்டு பக்க சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டி எறிவது. இன்ஜினைத் தூக்கி, கதவுகளைக் கழற்றி, நான்கு ஸ்டாண்டில் பாடியை நிறுத்தி அறுத்துத் தள்ளியிருப்பார்கள். அந்தக் கணமே பாடி சில மில்லிமீட்டர் இறங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அந்த நிலையிலேயே புது சில்லை வெல்டிங் அடித்தால் வளைவு நிரந்தரம். பெயின்ட் எல்லாம் முடிந்து, கடைசியில் கதவை மாட்டும் நாளில்தான் அது சாத்தாது என்று தெரியவரும். ஒரு ஷெட்டில் அப்படி ஒரு சிவப்பு வண்டியைப் பார்த்தேன். பெயின்ட் கண்ணாடி மாதிரி, கதவு மட்டும் பூட்டுக்கு அரை விரல் மேலே நின்றது. உரிமையாளர் கதவின் கீலில் வாஷர் போட்டுக்கொண்டிருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. சரியான முறை இதுதான்: ஒரு நேரத்தில் ஒரு பக்கம், கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துப் பற்றவைப்பு, புதுத் தகட்டை முதலில் கிளாம்ப் போட்டுப் பிடித்து, கதவை மாட்டி, இடைவெளி பார்த்து, அதற்குப் பிறகே முழு வெல்டிங். பாடி முழுதும் போய்விட்டது என்றால் தகடு தகடாக ஒட்டுப்போட வேண்டாம். பழைய அச்சுகளைக் கொண்டே 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் புது எம்ஜிபி பாடி செய்து விற்கிறது.

அடுத்து வயரிங். இந்த வண்டிகளில் வரும் லூக்காஸ் கம்பெனி மின்சாதனங்களை ‘இருட்டின் இளவரசன்’ என்று கிண்டல் செய்வது இங்கிலாந்தில் பழைய ஜோக். பாதி அநியாயம் என்பேன். விளக்கு மங்குவதற்கும் இன்டிகேட்டர் மக்கர் பண்ணுவதற்கும் பெரும்பாலும் காரணம் துருவேறிய எர்த் இணைப்பு, அதாவது மின்சாரம் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் இடம். புது ஸ்விட்ச் வாங்கும் முன் எர்த் வயரைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியத் தேய்த்து மாட்டுங்கள். நிஜமான கண்ணி வேறு. 1967 வரை வந்த எம்ஜிபி-களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். அது தெரியாமல் இன்றைய ஆடியோ செட்டையோ எலக்ட்ரானிக் இக்னிஷனையோ மாட்டினால் ஒரே நொடியில் புகை. இடையில் யாராவது நெகட்டிவுக்கு மாற்றியிருக்கவும் கூடும். ஆகவே வருடத்தை நம்பாதீர்கள், பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் கேபிள் எந்த முனையில் இருக்கிறது என்று நேரில் பாருங்கள்.

வண்டி தடுமாறினால் உடனே ஸ்க்ரூடிரைவரோடு, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் எஸ்யூ கார்புரேட்டரை நோக்கிப் பாய்வதும் ஒரு வியாதி. வரிசை உண்டு: டேப்பெட், பாயிண்ட் (இக்னிஷனில் திறந்து மூடும் மின்தொடர்பு), டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), கடைசியில்தான் கார்புரேட்டர். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அதைச் சரிசெய்ததும் ‘கார்புரேட்டர் கோளாறு’ பாதி காணாமல் போகும். மீதிக்கு, கார்புரேட்டருக்கு உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் உயர்த்தி விடுங்கள். ‘டக்’கென்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். வழுக்கி மெதுவாக வந்தால் அழுக்கு, அல்லது ஜெட் (பெட்ரோல் வரும் துளை) நடுவில் இல்லை. கழற்றித் துடைக்கும்போது ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை இன்னொன்றின் மூடிக்குள் போட்டுவிடாதீர்கள். பிஸ்டனும் மூடியும் ஜோடியாகப் பொருத்தப்பட்டவை.

புதுப் பாகம் என்றாலே நல்லது என்ற நம்பிக்கையும் வேண்டாம். இன்று வரும் ரோட்டர், கண்டென்சர் போன்ற இக்னிஷன் பாகங்கள் சில பெட்டியிலிருந்து எடுக்கும்போதே மட்டம். ஓடிக்கொண்டிருந்த பழையதைத் தூக்கி எறியாமல் டிக்கியில் வையுங்கள்.

ஸ்போக் வீல் உள்ள வண்டியில் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) இடம் மாறினால் உயிருக்கே ஆபத்து. நடு நட்டின் மரை இடது பக்கம் ஒரு மாதிரி, வலது பக்கம் அதற்கு நேர் எதிர். வண்டி முன்னோக்கி ஓடும்போது சக்கரம் சுற்றும் திசையில் திருகினால் நட் கழல வேண்டும். பழுது பார்த்தபோது ஹப்பைப் பக்கம் மாற்றி மாட்டியிருந்தால், நட் ஓட ஓடத் தளரும். கிளம்பும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் ‘கிளிக்’ கேட்டால் உள்ளே ஹப்பின் பற்கள் தேய்ந்திருக்கின்றன. கிரீஸ் அதைக் குணமாக்காது.

ஆயிலில் 20டபிள்யூ-50-ஐ விட்டு நகராதீர்கள், இன்றைய கார்களின் மெல்லிய ஆயில் இந்த இன்ஜினுக்கு ஆகாது. பிரேக்கில் டாட் 4 ஆயிலையும் சிலிக்கான் ஆயிலையும் கலக்காதீர்கள். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோலே இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய் அதில் கரைந்து கசியும். இ20 ஓடும் நம் ஊருக்கு இது இன்னும் பொருந்தும்.

கடைசியாக, குளிர்காலம். பிரிட்டனில் சாலையில் உப்பு தூவுவதால் வண்டியை மாதக்கணக்கில் மூடி வைப்பார்கள். வாரம் ஒருமுறை போய் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி அணைப்பது நல்லது என்று நினைப்பார்கள். சூடேறாத இன்ஜினில் ஈரம் ஆயிலிலும் சைலென்சரிலும் தங்கிவிடும். அரை மணி நேரம் ஓட்ட முடியாதென்றால் சாவியையே தொடாதீர்கள். அந்த நேரத்தில் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் காற்றுத் துளையின் வடிகுழாயில் ஒரு வயரை விட்டுக் குத்துங்கள். போன வருடத்து இலைகள் சேறாக வெளியே வரும். அது அடைத்திருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, கால்மிதியடிக்குக் கீழே தேங்கிக்கொண்டிருக்கும்.