பிடித்த தீனி கிண்ணத்தில் வேண்டாம், கையில் இருக்கட்டும்

புதிதாகத் தத்தெடுத்த காக்கட்டீல் கிளி உங்கள் கைக்கு அஞ்சாமல் பழக, அது கிண்ணத்தில் போட்டவற்றுள் எதை முதலில் பொறுக்கித் தின்கிறது என்று இரண்டு மூன்று நாள் கவனித்து, அந்தத் தீனியை மட்டும் கிண்ணத்திலிருந்து நீக்கிவிட்டு, இனி அதை உங்கள் கையால் மட்டுமே கொடுங்கள். பெரும்பாலும் அது தினையாகவோ சூரியகாந்தி விதையாகவோ இருக்கும். தினை என்றால் முழுக் கதிராகவே வாங்குவது நல்லது, ஏனெனில் கதிரின் நீளம் உங்கள் விரலுக்கும் அலகுக்கும் இடையே கிளி பொறுத்துக்கொள்ளும் தூரத்தைத் தருகிறது, அந்தத் தூரத்தை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வரலாம்.

மேலிருந்து இறங்கும் கை, இரையாகும் பறவைக்கு வல்லூறைப் போன்றது. பக்கவாட்டில் மெதுவாக வந்து, பிடித்ததை மட்டுமே கொண்டுவரும் கையையோ அது எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். கொண்டை தலையோடு படிந்து, சீறல் கேட்டால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வழக்கமான தீனியையும் தண்ணீரையும் ஒருபோதும் குறைக்கக் கூடாது. ஏறத்தாழ 90 கிராம் எடையுள்ள உடல் பட்டினியைத் தாங்காது. எதையுமே தின்னாமல் சிறகை உப்பிக்கொண்டு ஒடுங்கியிருக்கும் கிளிக்கு இந்த முறை உதவாது, கால்நடை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும். நம் ஊர்ப் பச்சைக்கிளிக்கோ இந்தக் குறிப்பே பொருந்தாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பது குற்றம்.